ஒரே நேரத்தில் இரண்டு வேலை: வண்டி ஓட்டும்போது போன் பேசினால் மூளைக்குள் நடப்பது என்ன?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் வியந்து பார்க்கும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு விண்டோவில் பாட்டு ஓடுகிறது. இன்னொரு விண்டோவில் கடிதம் டைப் செய்கிறோம். பின்னால் ஏதோ ஒரு பைல் டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று தடையாக இல்லை. இதனை மல்டி டாஸ்கிங் என்கிறோம்.

இந்தச் சொல்லை இப்போது மனிதர்களுக்கும் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டோம். காலை ஷிப்ட் நேரத்தில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு ஒருவர் போவார். கழுத்தைத் தோளில் சாய்த்துப் பேசியபடியே இரண்டு லாரிகளுக்கு இடையில் இன்னொருவர் நுழைவார். காதில் ப்ளூடூத் மாட்டிய ஷேர் ஆட்டோ ஓட்டுநர் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே ஆள் ஏற்றுவார். இவர்கள் எல்லோருமே ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அப்படிச் செய்ய முடியுமா?

இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். கம்ப்யூட்டர் எப்படிப் பல வேலைகளைச் சமாளிக்கிறது என்று தெரிந்துகொண்டால், மனித மூளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதும் எளிதாகப் புரியும்.

கம்ப்யூட்டர் செய்யும் வித்தை

கம்ப்யூட்டரின் மூளை என்று நாம் சொல்லும் பிராசஸருக்குள் கோர் எனப்படும் பகுதிகள் உள்ளன. பழைய கம்ப்யூட்டர்களில் ஒரே ஒரு கோர்தான் இருந்தது. அப்போதும் பாட்டு ஓடியது. கடிதமும் டைப் ஆனது. எப்படி?

ஒரு சின்ன ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு மேஜை, ஒரே ஒரு சப்ளையர். முதல் மேஜையில் இட்லி வைக்கிறார். இரண்டாவது மேஜையில் ஆர்டர் கேட்கிறார். மூன்றாவது மேஜைக்குச் சாம்பார் ஊற்றுகிறார். மறுபடியும் முதல் மேஜைக்கு வருகிறார். அவர் வேகமானவராக இருந்தால் நாலு மேஜையிலும் உட்கார்ந்திருப்பவர்கள் அவர் நம்மைத்தான் கவனிக்கிறார் என்று நினைப்பார்கள். ஆனால் எந்த நொடியிலும் அவர் ஒரு மேஜையில்தான் நிற்கிறார்.

பிராசஸரின் கோரும் இப்படித்தான். ஒரு வேலையைச் சில மில்லி செகண்ட் நேரம் செய்கிறது. பிறகு நிறுத்தி, எந்த இடத்தில் விட்டோம், கையில் என்னென்ன எண்கள் இருந்தன என்று குறித்து வைக்கிறது. அடுத்த வேலையின் குறிப்பை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இந்த மாற்றத்துக்கு கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்று பெயர். இது நொடிக்குப் பல நூறு தடவை நடப்பதால் எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோல நமக்குத் தெரிகிறது.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குச் செல்லவும். எத்தனை கோர்கள் உள்ளன, எத்தனை பிராசஸ்கள் ஓடுகின்றன என்று அங்கே காட்டும். கோர் நாலோ எட்டோ இருக்கும். பிராசஸ் நூற்றைத் தாண்டியிருக்கும்.

இதிலிருந்து மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளவும்.

1. ஒரு கோர் ஒரு நொடித்துளியில் ஒரு வேலையைத்தான் கவனிக்கிறது.
2. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கும் நேரம் பிடிக்கிறது.
3. கம்ப்யூட்டர் விட்ட இடத்தைத் துல்லியமாகக் குறித்து வைப்பதால், திரும்பி வரும்போது எதையும் மறப்பதில்லை.

இந்த மூன்றாவது வசதி மனிதனுக்குக் கிடையாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை

நோட்பேடைத் திறந்துகொள்ளவும். ஏ முதல் ஜே வரை பத்து ஆங்கில எழுத்துகளையும், அடுத்த வரியில் 1 முதல் 10 வரை எண்களையும் டைப் செய்யவும். எவ்வளவு நேரம் ஆனது என்று போனில் உள்ள ஸ்டாப் வாட்ச்சில் குறித்துக்கொள்ளவும்.

இப்போது அதே இருபதையும் மாற்றி மாற்றி டைப் செய்யவும். ஓர் எழுத்து, ஓர் எண், அடுத்த எழுத்து, அடுத்த எண் என்று பத்து வரை போகவும். எழுத்துகளும் எண்களும் அதேதான். ஆனால் பெரும்பாலோருக்கு நேரம் கூடுதலாக ஆகும். நடுவில் விரல் ஒரு கணம் தயங்கி நிற்பதையும் கவனிப்பீர்கள். "அடுத்து எஃப்பா, ஜியா?" என்று மனம் தேடும் அந்தக் கணம்தான் மூளையின் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்.

மூன்றாவது தடவை, நீங்கள் டைப் செய்யும்போது வீட்டில் ஒருவரைப் பக்கத்து அறையிலிருந்து கணக்கு கேட்கச் சொல்லவும். "பதினேழு நாலு எவ்வளவு?" என்ற ஒரு கேள்வி போதும். கை அப்படியே நின்றுவிடும். அல்லது தப்பாக டைப் ஆகும். இத்தனைக்கும் கணக்குப் போடுவதற்குக் கை தேவையே இல்லை. டைப் செய்வதற்குக் காது தேவையே இல்லை. அப்படியானால் இரண்டும் மோதிக்கொண்டது எங்கே?

மூளையில் கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. மூச்சு விடுவது, நடப்பது, சைக்கிளில் பேலன்ஸ் செய்வது எல்லாம் சேர்ந்தே நடக்கும். ஆனால் "இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று முடிவெடுக்கும் வேலை மட்டும் ஒரு குறுகிய வாசல் வழியாகத்தான் போகிறது. ஒன்று உள்ளே இருந்தால் அடுத்தது வெளியே காத்திருக்க வேண்டும். அமெரிக்க உளவியல் அறிஞர் ஹாரல்ட் பாஷ்லர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2006ஆம் ஆண்டில், கார் ஓட்டும் சிமுலேட்டரில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு விளக்கு அல்லது ஒலி ஒரு தடவை வந்ததா, இரண்டு தடவை வந்ததா என்று மட்டும் சொல்ல வேண்டும். இவ்வளவு எளிய கேள்விக்குப் பதில் சொன்ன உடனேகூட, பிரேக்கில் கால் வைக்கத் தாமதம் ஆனது.

தாமதம் ஒரு நொடிக்கும் குறைவுதான். ஆனால் 40 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். அரை நொடித் தாமதம் என்றால் ஐந்தரை மீட்டர். ஒரு காரின் நீளத்தைவிட அதிகம்.

"பேசிக்கொண்டே நன்றாகத்தானே ஓட்டுகிறேன்?"

இதைப் படிக்கும்போது பலருக்கு இந்தக் கேள்வி எழும். நியாயமான கேள்விதான். விடை இதுதான்: வண்டி ஓட்டுவதில் இரண்டு பகுதிகள் உள்ளன.

கிளட்சைப் பிடிப்பது, கியர் மாற்றுவது, நேராகப் போவது ஆகியவை பழகிய வேலைகள். கீபோர்டைப் பார்க்காமல் டைப் செய்வது போல இவை தாமாகவே நடக்கும். போன் பேசும்போதும் இவை பெரிதாகக் கெடுவதில்லை. இதனால்தான் பேசுகிறவருக்குத் தான் சரியாக ஓட்டுவதாகத் தோன்றுகிறது.

இரண்டாவது பகுதி, எதிர்பாராததைக் கவனிப்பது. ஆவடி - பூந்தமல்லி சாலையில் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரியும். நின்ற பஸ்ஸின் முன்பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் ஓடி வருவான். யூ டர்ன் எடுக்கச் சோம்பல்பட்டு ஒருவர் ராங் சைடில் எதிரே வருவார். மழை பெய்த மறுநாள் நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும். இவை எதையும் பழக்கத்தால் சமாளிக்க முடியாது. ஒவ்வொன்றும் அந்தக் குறுகிய வாசலில் வந்து நிற்க வேண்டும். அங்கே ஏற்கெனவே போன் பேச்சு உட்கார்ந்திருக்கிறது.

வில்லியம் ஹாரி, கிறிஸ்டோபர் விக்கன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல், அதுவரை வந்திருந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான் கிடைத்தது. போன் பேச்சினால் வண்டி கோட்டை விட்டு விலகுவது கொஞ்சம்தான். திடீரென்று வரும் ஒன்றுக்கு எதிர்வினை காட்டும் நேரம்தான் நன்றாகக் கூடுகிறது. எந்தத் திறமை கெடுகிறதோ, அது கெட்டது நமக்குத் தெரிவதில்லை என்பதே இதில் உள்ள ஆபத்து.

ஹேண்ட்ஸ் ஃப்ரீ போட்டால் சரியாகிவிடுமா?

"கையில் பிடித்தால்தானே தப்பு? நான் இயர்போன் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்பவர்கள் அதிகம். கடைகளிலும் ப்ளூடூத் ஹெல்மெட் வரை கிடைக்கிறது. இது பாதுகாப்பானதா?

1997இல் கனடாவின் டொரான்டோ நகரில் டொனால்ட் ரெடல்மியர், ராபர்ட் டிப்ஷிரானி ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செல்போன் வைத்திருந்து, விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். விபத்து நடந்த நேரத்தையும், அதே நபர் முந்தைய நாட்களில் அதே நேரத்தில் போன் பேசியதையும் ஒப்பிட்டார்கள். போன் பயன்படுத்தும்போது விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தெரிந்தது. ஹேண்ட்ஸ் ஃப்ரீ போன் வைத்திருந்தவர்களுக்கு இதில் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

2001இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்டிரேயர், வில்லியம் ஜான்ஸ்டன் ஆகியோர் செய்த சிமுலேட்டர் சோதனையிலும் இதுதான் கிடைத்தது. போன் பேசியவர்கள் சிக்னல்களைத் தவறவிட்டது இரண்டு மடங்கு ஆனது. கையில் பிடித்துப் பேசினாலும், பிடிக்காமல் பேசினாலும் வித்தியாசம் இல்லை. ரேடியோ கேட்டவர்களுக்கு இந்தப் பாதிப்பு வரவில்லை. ஏனென்றால் ரேடியோ நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. கேட்காமல் விட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆக, கை காலியாக இருப்பது மட்டும் போதாது. மனமும் காலியாக இருக்க வேண்டும்.

பார்த்தும் பார்க்காத கண்

2003இல் அதே ஸ்டிரேயர் குழுவினர், ஓட்டுநரின் கண் எங்கே பார்க்கிறது என்று பதிவு செய்யும் கருவியைப் பயன்படுத்தினார்கள். சாலையோர விளம்பரப் பலகைகளை ஓட்டுநர்கள் நேராகப் பார்த்தார்கள். பிறகு எந்தப் பலகைகளைப் பார்த்தீர்கள் என்று கேட்டால், ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசியவர்களுக்குக் குறைவாகவே நினைவில் இருந்தது. கண் பலகையின் மேல் இருந்தும் அப்படி. கேமரா ஆன் ஆகியிருக்கிறது, ரிக்கார்டு பட்டனை யாரும் அழுத்தவில்லை என்பது போல.

விபத்துக்குப் பிறகு "சார், சத்தியமா நான் பார்க்கவே இல்லை" என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பல சமயங்களில் அது உண்மைதான்.

எல்லாப் பேச்சும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளவும். ஸ்பெயினில் ரெகார்ட்டே, நூனெஸ் என்ற இருவர் நிஜமான சாலையில் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. மனதில் படம் வரைந்து யோசிக்க வேண்டிய வேலை கொடுத்தபோது, ஓட்டுநர்களின் பார்வை நேராக ஒரே இடத்தில் குறுகிவிட்டது. கண்ணாடியைப் பார்ப்பதும் குறைந்தது. நம்மூரில் இதற்கு இணையான பேச்சு எது தெரியுமா? வழி சொல்வது. "ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி, லெஃப்ட்ல ஒரு சந்து வரும் பாரு" என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் மனக்கண் அந்தச் சந்தில் இருக்கிறது. வண்டி மட்டும் பாடி மேம்பாலத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

பின்னால் உட்கார்ந்திருப்பவர் பேசினால் மட்டும் பரவாயில்லையா?

இதுவும் பலர் கேட்பதுதான். பின் சீட்டில் இருப்பவருக்கும் அதே சாலை தெரிகிறது. லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துவார். "ஏங்க, பார்த்து!" என்று குரல் கொடுப்பார். போனில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. "என்ன, லைன்ல இருக்கியா?" என்று மட்டும் கேட்பார். யூட்டா பல்கலைக்கழகத்தில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நெடுஞ்சாலையிலிருந்து குறிப்பிட்ட இடத்தில் வெளியேற வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லி வைத்தார்கள். நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். அதே நண்பர் போனில் பேசியபோது ஏறத்தாழ பாதிப் பேர் தவறவிட்டார்கள்.

நடந்து செல்பவர்களுக்கும் இது பொருந்தும். வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐரா ஹைமன் குழுவினர் செய்து 2010இல் வெளியான சோதனை வேடிக்கையானது. வளாகத்தின் நடுவே ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்ற விட்டார்கள். கடந்து சென்றவர்களிடம் "கோமாளியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். தனியாக நடந்தவர்களில் 51 சதவீதம் பேர் பார்த்தார்கள். இருவராகப் பேசிக்கொண்டு நடந்தவர்களில் 71 சதவீதம். போன் பேசியபடி நடந்தவர்களில் 25 சதவீதம் மட்டுமே. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் நான்கு கண்கள். போனில் பேசினால் இருந்த இரண்டும் பாதியாகிவிடுகிறது.

பட்டரவாக்கம், திருமுல்லைவாயல், அன்னனூர் பகுதிகளில் நடைமேம்பாலத்தை விட்டுவிட்டு, காதில் இயர்போனோடு தண்டவாளத்தைக் கடப்பவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கவும். ரயிலைப் பார்க்காதவரைக் காப்பாற்ற அதன் டிரைவரால் வண்டியைத் திருப்ப முடியாது.

மணி அடித்தால் கை ஏன் போகிறது?

இவ்வளவும் தெரிந்த பிறகும் போன் அடித்தால் கை பாக்கெட்டுக்குத்தான் போகும். இதற்கும் கம்ப்யூட்டரில் ஓர் உதாரணம் இருக்கிறது. நீங்கள் கீபோர்டில் ஒரு கீயைத் தட்டியதும் பிராசஸருக்கு ஒரு சிக்னல் போகிறது. இதற்கு இன்டரப்ட் என்று பெயர். இது வந்தவுடன் பிராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, வந்தது என்ன என்று பார்க்கிறது. போன் மணி மனித மூளைக்கு வரும் இன்டரப்ட்.

இந்த மணிக்கு ஒரு தனி இழுப்பு சக்தி உண்டு. பத்து அழைப்பில் எட்டு கடன் அட்டை விற்பனையாக இருக்கும். ஒன்று நண்பரின் அரட்டை. ஒன்று உண்மையிலேயே முக்கியமானதாக இருக்கும். எது எப்போது வரும் என்று தெரியாது. பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதைக் காட்டியிருக்கிறார். பட்டனைக் கொத்தினால் எப்போது தீனி வரும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. நாமும் அதே காரணத்தால்தான் ஒவ்வொரு மணிக்கும் போனை எடுக்கிறோம்.

எடுக்காமல் விட்டால் போதுமா? போதாது. 2015இல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போனைத் தொடாமல், மணியையோ வைப்ரேஷனையோ உணர்ந்தாலே கவனம் தேவைப்படும் வேலையில் தவறுகள் கூடுகின்றன என்று கண்டார்கள். "யாராக இருக்கும்?" என்ற கேள்வியே வாசலை அடைத்துக்கொள்கிறது.

கம்ப்யூட்டரில் முக்கியமான வேலை நடக்கும்போது சில இன்டரப்ட்டுகளைச் சற்று நேரம் தடுத்து வைக்கும் வசதி உண்டு. மனித மூளைக்குள் அப்படி ஒரு ஸ்விட்ச் இல்லை. எனவே மணியை அது கிளம்பும் இடத்திலேயே, அதாவது போனிலேயே நிறுத்த வேண்டும்.

சிக்னலில் நிற்கும்போது பார்க்கலாமா?

அம்பத்தூர் டன்லப் சந்திப்பிலோ, பூந்தமல்லி கரையான்சாவடியிலோ சிவப்பு விளக்கு விழுந்ததும் பாதிப் பேர் போனை எடுப்பதைப் பார்க்கலாம். வண்டிதான் நிற்கிறதே என்று தோன்றும். ஆனால் பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகும் மனம் அந்த மெசேஜில்தான் இருக்கும். 2015இல் அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளைக்காக ஸ்டிரேயர் குழு செய்த ஆய்வில், காரில் உள்ள குரல் கட்டளை வசதிகளைப் பயன்படுத்திய பிறகு கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆகலாம் என்று தெரிந்தது. 40 கி.மீ. வேகத்தில் 27 நொடி என்றால் 300 மீட்டர்.

ஓட்டிக்கொண்டே மெசேஜ் பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் கேமரா பொருத்தி லாரி ஓட்டுநர்களைக் கவனித்தது. 2009இல் வெளியான அதன் முடிவுப்படி, மெசேஜ் டைப் செய்யும்போது 6 நொடியில் 4.6 நொடி கண் சாலையில் இல்லை. 40 கி.மீ. வேகத்தில் இது 51 மீட்டர். நம் மின்சார ரயிலின் இரண்டரைப் பெட்டி நீளம். அவ்வளவு தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னால் ஓட்டுவீர்களா?

ஸ்டியரிங்கே தேவைப்படாத வண்டியில்கூட இது நடந்திருக்கிறது. 2008 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சாட்ஸ்வொர்த்தில், ஒரு பயணிகள் ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிச் சென்று எதிரே வந்த சரக்கு ரயிலில் மோதியது. 25 பேர் இறந்தார்கள். ரயிலை ஓட்டியவர் கடைசி மெசேஜை அனுப்பியது மோதலுக்கு 22 நொடிக்கு முன்பு.

"இத்தனை வருஷமாக எனக்கு ஒன்றும் ஆகவில்லையே"

நூறு தடவை பேசிக்கொண்டே ஓட்டியிருப்போம். நூறு தடவையும் பத்திரமாக வீடு வந்திருப்போம். மூளை இதிலிருந்து ஒரு தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்கிறது: "இது ஆபத்தில்லை." பேக்கப் எடுக்காமல் மூன்று வருடம் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவரும் இதையேதான் சொல்வார். ஹார்டு டிஸ்க் போகும் நாள் வரை அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அந்த நூறு தடவையும் உங்களைக் காப்பாற்றியது உங்கள் கவனம் அல்ல. எதிரே வந்தவரின் கவனம். அவரும் போனில் இருந்தால்?

இதோடு தன்னம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. ஓலா ஸ்வென்சன் என்பவர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர் தங்கள் ஓட்டும் திறமை நடுத்தரத்துக்கு மேல் என்றார்கள். எல்லோருமே நடுத்தரத்துக்கு மேல் இருக்க முடியாது அல்லவா?

எண்ணிக்கையும் சட்டமும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் அந்த ஆண்டு 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நாடு முழுவதும் போன் பயன்பாடு காரணம் என்று பதிவான இறப்புகள் 3,395. மொத்தத்தில் 2 சதவீதம்தான்.

இதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். குடித்திருந்தால் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். வேகத்தை டயர் தடம் காட்டும். ஓட்டியவர் மனம் எங்கே இருந்தது என்பதற்குத் தடயம் இருக்காது. ஹேண்ட்ஸ் ஃப்ரீ பேச்சு என்றால் பார்த்த சாட்சியும் கிடைக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது 184ஆம் பிரிவின் கீழ் அபாயகரமாக ஓட்டுவதாகக் கருதப்படும். முதல் தடவை ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் சிக்கினால் ரூ.10,000 அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, போனை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். சட்டம் கையில் உள்ள போனைத்தான் பிடிக்கிறது. இயர்போனில் பேசினால் அபராதத்திலிருந்து தப்பலாம். ஆபத்திலிருந்து தப்ப முடியாது என்பதை மேலே பார்த்தோம்.

இன்றே செய்து வைக்க வேண்டியவை

1. போனில் செட்டிங்ஸ் சென்று, டூ நாட் டிஸ்டர்ப் என்பதைத் தேடவும். பெயரும் இடமும் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். பல ஆண்ட்ராய்டு போன்களில் மோட்ஸ் என்ற பகுதியில் டிரைவிங் இருக்கும். ஐபோனில் ஃபோகஸ் என்ற பகுதியில் டிரைவிங் இருக்கும். வண்டி ஓடுவதை உணர்ந்து தானாகவே ஆன் ஆகும்படி அமைக்கும் வசதியும் பல போன்களில் உண்டு.

2. "அவசரம் என்றால் என்ன செய்வது?" என்று தயங்க வேண்டாம். அதே பகுதியில் ரிப்பீட் காலர்ஸ் போன்ற ஒரு வசதி இருக்கும். அதை ஆன் செய்தால், ஒரே நம்பரிலிருந்து சில நிமிடத்துக்குள் இரண்டாவது தடவை வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கவும். அப்படி ஒலித்தால் வண்டியை இடது ஓரம் நிறுத்திய பிறகே எடுக்கவும்.

3. மேப் தேவைப்பட்டால் ஸ்டாண்டை எடுப்பதற்கு முன்பே இடத்தை டைப் செய்து, குரல் வழிகாட்டலை ஆன் செய்துவிடவும். வழி மாறினால் நிறுத்திப் பார்க்கவும்.

4. கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் வீட்டாருக்கு லைவ் லொகேஷன் அனுப்பவும். சாட்டில் அட்டாச் குறியைத் தொட்டு, லொகேஷன் சென்று, ஷேர் லைவ் லொகேஷன் என்பதைத் தேர்வு செய்யவும். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவுகள் உள்ளன. நீங்கள் திருமுல்லைவாயல் தாண்டிவிட்டது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

2016இல் இந்தியாவில் சாம்சங் நிறுவனம் எஸ் பைக் மோட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. பைக்கில் போகும்போது அழைப்பவருக்கு, "இவர் வண்டி ஓட்டுகிறார், அவசரமென்றால் எண் 1ஐ அழுத்தவும்" என்ற பொருளில் ஒரு அறிவிப்பு கேட்கும். அழைப்பவரிடமே கேள்வியைத் திருப்பிக் கேட்டதுதான் அதன் சிறப்பு.

போன் செய்பவருக்கும் ஒரு வார்த்தை

ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு முனைகள் உண்டு. மாலை ஆறரை மணிக்கு வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எங்க வர்றீங்க? வரும்போது அரைக் கிலோ தக்காளி" என்று போன் செய்கிறோம். அந்த நேரத்தில் அவர் எஸ்டேட்டிலிருந்து கிளம்பி, லாரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருப்பார் என்பது நமக்குத் தெரியும். தக்காளியை மெசேஜாக அனுப்பலாம். வண்டியை நிறுத்தியதும் பார்த்துக்கொள்வார்.

தெரியாமல் போன் செய்துவிட்டால், முதல் கேள்வி "வண்டியில இருக்கியா?" என்பதாக இருக்கட்டும். ஆமாம் என்றால் வேறு எதுவும் பேச வேண்டாம். "அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி உடனே வைத்துவிடவும். மரியாதைக் குறைவாக யாரும் நினைக்க மாட்டார்கள். இன்று இரவே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொருவர் போனிலும் மேலே சொன்ன நான்கையும் அமைத்துவிடவும். மொத்தமே பத்து நிமிட வேலைதான்.